ஐந்தாம் எஞ்சினுக்குக் கதவு வந்த விதம்

1962 ஆனி மாதம் விருதுநகர் ஜங்ஷனுக்கு வந்த நான்காவது டீசல் எஞ்சினின் சிவப்புப் பட்டை, எஞ்சினோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் காற்றில் வந்தது. எஞ்சின் நின்றதும் பட்டையும் நின்றது. இரண்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தவர்கள், உள்ளே லேசாகச் சூடு இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்டேஷன் பதிவேட்டில் அன்றைக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்: வருகை 10.40, தாமதம் இல்லை.

காரணம் சிவகாசியில் இருந்தது. அங்கே நல்லசிவம் என்பவரின் அச்சகத்தில் ‘டீசல் மார்க்’ தீப்பெட்டிக்கு லேபிள் அடித்தார்கள். வண்ணத்துக்கு ஒன்றாக நான்கு அச்சுக்கல்லில் படத்தை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதத்தில் இறக்க வேண்டும். அந்த வருடம் சிவப்புக் கல் மயிரிழை விலகி விழுந்துவிட்டது. சீசன் நேரம், லோடு ஏறியாக வேண்டும் என்று அப்படியே அனுப்பிவிட்டார்கள். லேபிளில் மயிரிழை என்றால் எஞ்சினில் ஒரு சாண். கல்லூரியில் கணிதம் படித்த ஒருவர் போட்டுப் பார்த்து, சரியாகத்தான் வருகிறது என்றார். அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

படம் வரைந்தவர் பலவேசம். 1957இல் அவர் முதல் படத்தைக் கல்லில் வரைந்தபோது டீசல் எஞ்சினைப் பார்த்ததே இல்லை. ஒரு பழைய காலண்டரில் பாதி, சொந்த யோசனையில் பாதி. நாலு வருடம் கழித்து வடக்கே ஒரு தொழிற்சாலை அந்த மாடலைத் தயாரிக்கத் தொடங்கி, முதல் எஞ்சினை விருதுநகருக்கு அனுப்பியது. அது அச்சு அசலாக லேபிள் மாதிரியே இருந்தது. பிராண்டு பெயரைப் பெரிதாக எழுத இடம் வேண்டுமென்று பலவேசம் கூரையில் இருந்த விளக்கை மூக்குக்கு இறக்கினார். இரண்டாம் எஞ்சின் மூக்கில் விளக்கோடு வந்து சேர்ந்தது. அழகுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டார்; மூன்றாவது கம்பியோடு வந்தது. தொழிற்சாலைப் பொறியாளர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பனிமூட்டம், பராமரிப்பு வசதி என்று தக்க காரணம் எழுதி, ‘மாடல் திருத்தம்’ என்று முத்திரை குத்தினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் தீப்பெட்டியை அவர்கள் கண்ணால் கண்டதும் இல்லை. லேபிளில் எஞ்சினின் ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கத்தை யாரும் வரையாததால், அது எப்படி இருந்தது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

1963 தொடக்கத்தில், லேபிளில் ‘50 குச்சிகள்’ என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லி ஏஜெண்டு எழுதியிருந்தார். பலவேசம் கல்லை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு நல்லசிவத்திடம் போனார்.

“எங்கன போடுறது மொதலாளி, எள்ளு வைக்க எடமில்லையே?”

“அந்தா, கதவு இருக்குல்ல. அத எடுத்துட்டுப் போடுங்க.”

“கதவு இல்லாம எஞ்சினா?”

“தீப்பெட்டி வாங்குறவன் அதுல ஏறித் தென்காசிக்கா போகப் போறான்?”

பலவேசம் கதவைச் சுரண்டி எடுத்துவிட்டு ‘50 குச்சிகள்’ என்று எழுதினார். பார்க்க நன்றாகவே இருந்தது.

அதே சமயத்தில் ஆமத்தூர்க்காரர் சங்கையா, டீசல் ஓட்டப் பழகுவதற்காக வடக்கே அந்தத் தொழிற்சாலைக்குப் போயிருந்தார். ஐந்தாம் எஞ்சினின் இருக்கை உயரம் சரியா என்று பார்க்க அவரை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். மேல்கூட்டைக் கிரேனில் தூக்கி அவர் தலைக்கு மேலாக இறக்கி முடுக்கினார்கள். இறங்கலாம் என்று அவர் எழுந்தபோது கதவு இல்லை. வேலையாட்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள்; அதிலும் இல்லை. வரைபடமும் வேலையும் ஒத்துப்போனதால் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார். எப்படியும் உள்ளேதான் இருக்கிறோம் என்று, சங்கையா எஞ்சினைத் தானே ஊருக்கு ஓட்டிவந்தார். ஆடி மாதம், வருகை 10.40, தாமதம் இல்லை.

ஜன்னல் ஒன்று இருந்தது. தூக்குவாளி நுழையும், தோள் நுழையாது. அவர் மனைவி ராக்காயி தினமும் பிளாட்பாரத்தில் நின்று அதன் வழியாகச் சோறு கொடுத்தாள். நாவிதர் வெளியே நின்றபடி சவரம் செய்தார். முகம் மட்டுமே ஜன்னலுக்கு எட்டியதால் கிருதா இரண்டும் தோள்வரை வளர்ந்தன. மற்ற வசதிகளைப் பற்றி ரயில்வே பதிவேடு எதுவும் சொல்லவில்லை. அவர் ஓட்டிய தென்காசி பாசஞ்சர் எட்டு மாதம் ஒருநாள்கூடத் தாமதமாகவில்லை. டீ குடிக்க இறங்காத ஓட்டுநர் என்று சங்கையாவுக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள்.

ராக்காயி லோகோ ஷெட் போர்மேன் ஊர்க்காவலனிடம் போய், கேஸ் கட்டர் வைத்து ஒரு ஓட்டை வெட்டித் தரச் சொன்னாள்.

“வெட்டலாம் தாயி, அஞ்சு நிமிசம் ஆகாது. ஆனா டிராயிங்ல இல்லாத ஓட்டைய நான் போட்டா என் வேல போயிரும்.”

“அப்ப எம்புருசன் டிராயிங்ல இருக்காரா?”

போர்மேன் புரட்டிப் பார்த்தார். இருந்தார். உதிரிபாகப் பட்டியலில், இருக்கைக்கும் ஹாரனுக்கும் நடுவில், ‘ஓட்டுநர், ஒன்று, நிலையாகப் பொருத்தப்பட்டது’ என்றிருந்தது.

மாசி பிறந்ததும் உத்தரவு வந்தது. ஐந்தாம் எஞ்சினைப் பங்குனி முதல் தேதி அஸ்ஸாம் பக்கம் அனுப்ப வேண்டும், பொருத்தப்பட்ட உறுப்புகள் அனைத்தோடும். அஸ்ஸாமுக்கு எத்தனை நாள் என்று ராக்காயி விசாரித்தாள். போகிற நாளைச் சொன்னார்கள். வருகிற நாளைப் பற்றி உத்தரவில் ஏதும் இல்லை. வீட்டில் ஒட்டுவதற்குக் கிடந்த டீசல் மார்க் லேபிளிலும் கதவு இல்லை என்பதை அவள் பார்த்திருந்தாள். மறுநாள் காலை பஸ் ஏறிச் சிவகாசி அச்சகத்துக்குப் போனாள்.

“அண்ணே, கதவ எடுத்தது நீங்கதானாமே. திருப்பி வச்சுருங்க.”

பலவேசம் நெளிந்தார். “கல்லையே அரைச்சுட்டோம் தாயி. இப்ப அதுல மயில் மார்க் மத்தாப்பு ஓடுது. இனிமே அடுத்த சீசன்தான்.”

“அடுத்த சீசனுக்கு அவுக அஸ்ஸாம்ல இருப்பாக.”

“அடிச்ச லேபிள் அம்புட்டும் ஊருக்குள்ள போயிருச்சே. நான் என்ன செய்ய?”

அந்த லேபிள் எங்கே போயிருந்தது என்பது ராக்காயிக்குத் தெரியும். ஆமத்தூரிலும் விஸ்வநத்தத்திலும் வீட்டு வேலையாகத் தீப்பெட்டி ஒட்டும் பெண்களிடம் போயிருந்தது. அவள் வீட்டிலேயே ஒரு சாக்கு கிடந்தது. திரும்பிப் போய் முதல் லேபிளை எடுத்தாள். கட்டைவிரல் நகத்தால் எஞ்சின் மேல் ஒரு கதவைக் கீறினாள். வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரிகிற கீறல். கம்பெனிக் கணக்கப்பிள்ளைக்கு எதையும் சாய்த்துப் பார்க்கும் பழக்கமில்லை.

பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள்தான் முதலில் கேட்டாள்.

“என்ன மதினி, கோடு போட்டு வெளையாடுறீக?”

“ஒங்க அண்ணனுக்கு வாசல் வைக்கிறேன்.”

“இதுக்கா ஒத்தையில ஒக்காந்திருக்கீக? இங்கிட்டு ரெண்டு கட்டு தள்ளுங்க.”

பதினைந்து நாளில் சாக்குகள் வீடு வீடாகக் கீறப்பட்டுத் தீர்ந்தன. கதவு எங்கே வரவேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அவரவர் வீட்டில் எங்கே இருந்ததோ அங்கே கீறினார்கள். பஞ்சம்மாள் குனிந்து நுழையும்படி வைத்தாள். அவளுடைய நாத்தனார் கொல்லைப்புறக் கதவும் சேர்த்து வைத்தாள். விஸ்வநத்தத்தில் அய்யம்மாள் என்கிற பெண் நிலைப்படியில் கோலமே போட்டிருந்தாள். ராக்காயி கீறியவை எல்லாம் ஜன்னல் இருந்த இடத்தில் இருந்தன. எட்டு மாதமாக அந்த எஞ்சினில் அவள் பார்த்துப் பழகிய இடம் அது ஒன்றுதான்.

பங்குனி முதல் தேதி காலை ஊர்க்காவலன் மேசைக்குத் தபாலில் ஒரு கட்டு வந்தது. மாடல் திருத்தம், பழைய எஞ்சின்களுக்கும் பொருந்தும். ‘கதவு: மொத்தம் பன்னிரண்டு லட்சம். இடம்: இணைப்பில் கண்டபடி.’ இணைப்பு தனி மூட்டையாக, மாட்டுவண்டியில் வந்தது. காற்றோட்டத்தை மேம்படுத்துவதற்காக என்று பொறியாளர்கள் காரணம் எழுதியிருந்தார்கள். ஊர்க்காவலன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டார்.

ராக்காயி அப்போது பிளாட்பாரத்தில் தூக்குவாளியோடு நின்றிருந்தாள். அஸ்ஸாமுக்கு வழியனுப்ப நாலு பேர் மாலை கொண்டுவந்திருந்தார்கள். சங்கையா சோறு வாங்க ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். கையைத் தொடர்ந்து தோள் வந்தது. தோளுக்குப் பின்னால் அவர் முழுவதுமாக வந்தார். ஜன்னலோடு சேர்ந்து சுற்றியிருந்த தகரமும், வீட்டுக் கதவு மாதிரி வெளியே திறந்துகொண்டது. அது பிளாட்பாரத்திலிருந்து நெஞ்சுயரத்தில் இருந்ததால், அவர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கினார்.

“வாசல இன்னுங் கொஞ்சம் எறக்கி வச்சிருக்கலாம்ல?” என்றார்.

“எட்டு மாசமா எனக்கு எட்டுன எடம் அம்புட்டுத்தான்” என்றாள் ராக்காயி. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து அவரை இறக்கினாள்.

போர்மேன் பட்டியலில் ‘ஓட்டுநர், ஒன்று’ என்பதை அடித்துவிட்டார். ஐந்தாம் எஞ்சின் அன்று மாலையே வேறொரு ஓட்டுநரோடு அஸ்ஸாம் போனது. ஆறாவதிலிருந்து அந்த மாடலில் வந்த எல்லா எஞ்சின்களுக்கும் எந்த இடத்தில் கை வைத்தாலும் கதவு. ஓட்டுநர்கள் இரண்டு மூன்று முறை வழியில் விழுந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். எஞ்சினுக்குள் ‘எங்கும் சாயக் கூடாது’ என்று ஒரு பலகை மாட்டினார்கள். சங்கையா அந்த ஆறாவதைத்தான் கடைசிவரை ஓட்டினார். அதில் நிலைப்படியில் கோலம் போட்ட கதவு ஒன்று இருந்தது. அந்த வழியாக ஏறும்போது மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். ஸ்டேஷன் பதிவேட்டில், பங்குனி முதல் தேதிக்கு நேரே, வருகை 10.40, தாமதம் இல்லை என்று இருக்கிறது. குறிப்பு என்ற கட்டத்தில், அந்த வருடத்திலேயே முதல் தடவையாக ஒரு வரி: ஓட்டுநர் இறங்கிச் சாப்பிட்டார்.