ஜெயதீபன் என்றொரு குறுங்கோள்

சுவர்ணா வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கனடாவிலிருந்து குகதாசனின் வீடியோ கோல் வந்தது. சண்டைக் காலத்தில் ரியூசனுக்கென்று சைக்கிளில் போய்த் திரும்பாத அவளுடைய மகன் ஜெயதீபனின் உயிர்க் கூட்டாளி அவன். இப்போது வானாராய்ச்சிக்காரன். மற்றப் பெடியள் கலியாணப் படம் அனுப்புவார்கள், இவன் இருட்டில் ஒரு புள்ளியை அனுப்பி, "வடிவா இருக்கோ அன்ரி?" என்பான்.

"அன்ரி, நான் கண்டுபிடிச்ச குறுங்கோள், செவ்வாய்க்கு அங்காலை சூரியனைச் சுத்துறது, அதுக்கு இவ்வளவு காலமும் வெறும் இலக்கம்தான். கண்டுபிடிச்சவன் பேர் சொல்லலாம். நான் எங்கடை தீபன்ரை பேரைக் குடுத்தனான். ஒத்துக்கொண்டிட்டினம்."

சுவர்ணாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஊரில் ஒருவரும் இப்போது வாயில் எடுக்காத பெயர் அது.

"உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பேரும் வைப்பினமோ தம்பி?"

"ஓம் அன்ரி, வைப்பினம்."

"அப்ப இவனைப் பற்றி என்னெண்டு எழுதினனீர்?"

குகதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நினைவாக எண்டு... அங்கிளிட்டைக் கேட்டுத்தான் எழுதினனான்."

அவள் புருஷன் பரமலிங்கம் கிணற்றடியில் நின்றார். கழுவின காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னாலை இனி ஏலாது சுவர்ணா," என்றார். "நான் சாகமுன்னம் அவனுக்குக் கீரிமலையிலை அந்தியேட்டிக் கிரியை செய்து அவனைக் கரைசேர்க்கவேணும். எனக்குப் பிறகு ஆர் செய்யிறது?"

காணாமல்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்த அதிகாரிகளைப் படலையோடு திருப்பி அனுப்பியவள் அவள். வெள்ளி தவறாமல் பிள்ளையார் கோயிலில் மகன் பெயருக்கு அர்ச்சனை செய்விக்கிறவள். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தானே செய்வார்கள். பெற்ற தகப்பனே அவனை இல்லாமல் ஆக்கிவிட்டாரே.

பேப்பரில் அவன் படத்தோடு, நினைவாக என்றே செய்தி வந்தது. சனம் வீட்டுக்கு வந்தது. பெருமை என்று கையைப் பிடித்தவர்களே போகும்போது மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கினார். மூன்று பெயரையும் கேட்காமலே சொல்லுகிற மனிதர்.

"பரமலிங்கம், உத்தரட்டாதி. சுவர்ணா, ரோகிணி." அதோடு மந்திரத்துக்குத் திரும்பினார்.

"ஜெயதீபன், அவிட்டம்," என்றாள் சுவர்ணா.

ஐயர் பரமலிங்கத்தைப் பார்த்தார். அவர் கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டபடி நின்றார்.

"ஐயா, ஜெயதீபன், அவிட்டம்."

ஐயரின் விரல்களுக்கிடையில் ஒரு செவ்வரத்தம்பூ, பிள்ளையாரின் காலடியிலும் போடாமல், தட்டிலும் வைக்காமல், அப்படியே இருந்தது.