ஒப்படைக்காத கருத்து

தேர்தல் தேதி அறிவித்த ஒரு வாரத்துக்குள், உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் துப்பாக்கியையும், மற்ற வாக்காளர்கள் தங்கள் கருத்துகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். செங்காட்டூரில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். அதனால் நிலையத்தின் பின்கட்டு முழுவதையும் கருத்துகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். முடிவு வந்த பிறகு ரசீதைக் காட்டி அவரவர் கருத்தை அவரவர் வாங்கிக்கொள்ளலாம்.

துளசிமணி ஐந்தாம் நாள் காலையில் போய் வரிசையில் நின்றாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவளுக்கு. அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கணவன் நாச்சிமுத்து நின்றான். அவனுக்கும் பின்னால், அவன் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் சாயப்பட்டறையின் மேஸ்திரி நின்றார்.

ஏட்டு நீட்டிய எவர்சில்வர் தட்டின் மேல் குனிந்து அவள் இருமினாள். கேஸ் விலை பற்றிய கருத்து முதலில் விழுந்தது. பூந்திக்கொட்டை அளவில், கறுப்பாக, இன்னும் சூடாக இருந்தது. அடுத்து ரேஷன் பாமாயில். பிறகு கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் மதுக்கடை. வடக்கேயிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி அவளிடம் இரண்டு கருத்துகள் இருந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. ஏட்டு இரண்டையும் தனித்தனியாகவே எண்ணினார்.

"ஆறு. அவ்வளவுதானாம்மா?"

ஏழாவது அப்போது நுனிநாக்கு வரை வந்துவிட்டிருந்தது. மேஸ்திரி அவள் முதுகுக்கு இரண்டடி தள்ளி நின்று செருமினார். துளசிமணி வாயை மூடி, அதைத் திரும்ப விழுங்கினாள்.

"அவ்வளவுதானுங்க."

நாச்சிமுத்துவிடம் இரண்டுதான் இருந்தன. அதில் ஒன்று, எல்லாருமே திருடர்கள் என்பது. அது அநேகமாக எல்லாரிடமும் இருந்ததால் அதற்கென்று மூலையில் ஒரு நீல டிரம் வைத்திருந்தார்கள். அதற்கு ரசீது கிடையாது.

சாயப்பட்டறையை மூட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஏழாவது கருத்து. போன ஆடியில் அது வந்தது. நாச்சிமுத்து தூங்கி எழுந்த தலையணை உறை பச்சையாக இருந்தது. துவைத்தும் போகவில்லை. அடுத்த வாரம் அவன் வியர்வையே பச்சையாக வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் சிறுநீரகம் என்றார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். அவர்கள் தெரு போர் தண்ணீர் திங்கட்கிழமை சிவப்பாகவும் வியாழக்கிழமை ஊதாவாகவும் வந்துகொண்டிருந்தது. ஆனால் வீட்டு வாடகையும், நாமக்கல்லில் நர்சிங் படிக்கும் மகளின் ஃபீஸும் அந்தப் பட்டறையிலிருந்துதான் வந்தன. அதனால் அவள் இந்தக் கருத்தை யாரிடமும், முக்கியமாக அவனிடம், சொன்னதில்லை.

கருத்தை மறைத்துப் பிடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊரில் ஒரே ஓர் உதாரணம் இருந்தது. பால்காரர் அர்த்தநாரி. போன தேர்தலில் அவரைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாம் நாள் நல்லபடியாகத் திருப்பி அனுப்பினார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. "குழம்புல உப்பு பத்துதுங்களா?" என்று அவர் மனைவி கேட்டால் "ஆமாங்க" என்றார். "உப்பு கரிக்குதுங்களா?" என்று கேட்டாலும் "ஆமாங்க" என்றார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டுமா என்று கேட்டபோதும் அவர் அதையேதான் சொன்னார்.

ஊர் அமைதியாகிவிட்டது. டீக்கடையில் வெயிலைப் பற்றி மட்டும் பேசினார்கள். "வெயில்" என்பார் ஒருவர். "ஆமா, வெயில்" என்பார் இன்னொருவர். அதிகம் என்று யாரும் சொல்வதில்லை.

மற்றவை எல்லாம் போய்விட்டதால் ஏழாவதுக்கு உள்ளே நிறைய இடம் கிடைத்தது. அது நடமாடத் தொடங்கியது. செக்கிங் மேஜையில் பச்சைச் சட்டை எதையாவது எடுத்தால் விறுவிறுவென்று தொண்டைக்கு ஏறும். துளசிமணி வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண் "பல் வலிங்களாக்கா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். நல்ல துணிகளையும் கழிவில் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பறக்கும் படை வந்தது. வசந்தகோகிலம் என்ற அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும். அதிகாரி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சோதனை எளிமையானது. நிலைமை எப்படி என்று மூன்று தடவை கேட்பார்கள். மூன்று தடவையும் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். உள்ளே கருத்து இருப்பவர்களுக்கு மூன்றாவது தடவை வராது.

நாச்சிமுத்து மூன்றையும் சிரமமில்லாமல் சொன்னான்.

"நீங்க சொல்லுங்கம்மா. நிலைமை எப்படி?"

"பரவாயில்லைங்க."

"நிலைமை எப்படி?"

"பரவா... யில்லைங்க."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதிகாரி அவசரப்படவில்லை. பேனா மூடியைக் கழற்றினாள்.

"நிலைமை எப்படி?"

"பட்டறைய மூடோணுங்க," என்றது அது. சொல்லிவிட்டு அவள் மடியில் விழுந்து, உருண்டு, தரையில் போய் நின்றது. கோழிமுட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது.

துளசிமணி புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் குனிந்து அதை எடுத்து, வேட்டியில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"இது என்னுதுங்க," என்றான்.

"அந்தம்மா வாயிலிருந்துதானே வந்துச்சு?"

"என்னுதுதானுங்க. அவகிட்ட குடுத்து வெச்சிருந்தேன்."

"இல்லீங்க, பொய் சொல்றாருங்க!" துளசிமணி எழுந்துவிட்டாள். "அது எனக்குத்தான் வந்துச்சு. போன ஆடியில வந்துச்சு. அவர விடுங்க."

வசந்தகோகிலம் கைப்புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு கருத்துக்கு ஒருவர் உரிமை கோரினால் அது கருத்து. இரண்டு பேர் கோரினால் அது கூட்டம். கூட்டத்துக்கு முன் அனுமதி வேண்டும். அனுமதி வரும் வரை கூடியவர்களைத் தனித்தனியாக வைக்க வேண்டும். நாச்சிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு, மாத்திரைச் சீட்டை ஜேபியில் வைத்துக்கொண்டு அவர்களோடு போனான். வாசலில் திரும்பி, "மோட்டார் ஓடிட்டிருக்குது, நிறுத்திரு" என்று மட்டும் சொன்னான்.

நான்கு நாள் அவள் அடுப்பு மூட்டவில்லை. நிலையத்துக்குப் போனால் மனுவை வாங்கிக்கொண்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். பால்காரர் தினமும் வாசலில் வந்து பால் ஊற்றினார். "அவரு நல்லபடியா வந்துருவாருங்களா?" என்று கேட்டாள் ஒருநாள். "ஆமாங்க" என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலை அவன் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அவள் உலை வைத்து, ரசம் கூட்டி, இலை போட்டாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கேட்க முடிந்தது.

"உப்பு பத்துதுங்களா?"

நாச்சிமுத்து மென்றான். விழுங்கினான். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"பத்தல," என்றான்.

அவள் உப்பு ஜாடியை எடுக்கச் சமையல்கட்டுக்குள் போனாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"உங்களுக்கு இந்தக் கருத்து எப்பருந்து?"

"ரெண்டு வருசமாச்சு. நீ பயந்துக்குவேன்னு சொல்லல."

"அன்னைக்கு மூணு தடவையும் சொன்னீங்களே?"

"பரவால்லீங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு புள்ள."

கூட்டத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. இரண்டு பேர் மட்டும், குடியிருக்கும் வீட்டுக்குள், மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை, ஒலிபெருக்கி இல்லாமல். அதன்படி தினமும் நான்கு மணிக்குக் கூடினார்கள். பந்தோபஸ்துக்கு ஒரு போலீஸ்காரர் வாசலில் உட்கார்ந்தார். "மூடோணும்" என்பாள் அவள். "மூடத்தான் வேணும்" என்பான் அவன். பிறகு டீ குடிப்பார்கள், போலீஸ்காரருக்கும் ஒரு டம்ளர் போகும். பேசும்போதெல்லாம் இருவர் கண்ணும் வாசல் பக்கமே போனது. ஆனாலும் பேசினார்கள்.

பட்டறையில் அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போனபோது அவன் இடத்தில் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். பதிவேட்டில் அவனுக்கும் நாச்சிமுத்து என்றே பெயர் எழுதியிருந்தார்கள். மேஸ்திரி அந்த நாச்சிமுத்துவைப் பார்த்து, சீக்கிரம் ஆகட்டும் என்றார். இவன் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. பட்டறைச் சாயம் கலந்து ஓடும் ஊர் ஆறும் இந்தத் தடவை வேட்பாளராக நின்றிருந்தது. இருவரும் வரிசையில் நின்று, மை வைத்துக்கொண்டு வந்தார்கள்.

முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. அந்த ஆறுதான் ஜெயித்திருந்தது. வித்தியாசம் பதினோராயிரம் ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை அது தெருத்தெருவாக வந்து வாக்காளர்களுக்கு நன்றி சொல்லும் என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். துளசிமணி அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றினாள். நாச்சிமுத்து கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் செங்கல் வைத்தான். எதிர்வீட்டில் அதற்குள் வாசல் தெளித்து, ஆரத்தித் தட்டோடு முட்டியளவு உயரமுள்ள ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள்.