குமிழிக்கு வைத்த உட்கரு

மார்ச் 11, செவ்வாய்.

இன்று ஆய்வக உதவியாளர் படிப்பின் மாலை வகுப்பில் காற்றுக் குமிழியைச் செல் என்று வரைந்துவிட்டேன். நுண்ணோக்கியில் தெரிந்தது கறுப்பு விளிம்புள்ள வட்டம் மட்டும்தான். பாடப்புத்தகப் படத்தில் இருக்கிறதே என்று நடுவில் உட்கருவையும் போட்டேன்.

"குமிழிக்கே உட்கரு வச்ச முதல் ஆள் நீதாம்மா தங்கச்சி," என்றார் பக்கத்தில் இருந்த டிரைவர் அண்ணன்; பகலில் வண்டி ஓட்டிவிட்டு எங்களோடு படிக்கிறவர். வகுப்பே சிரித்தது. மேடம் கையெழுத்துப் போடவில்லை. வாயின் உட்பரப்பை மூடியிருக்கும் எபிதீலியத் திசுவின் படத்தில் கையெழுத்து இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை தேர்வு எழுத முடியாது.

இந்தப் படிப்பு எனக்கு வருமா என்று சந்தேகம்தான். ஆனாலும் எழுந்து போகவில்லை. கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, நீலச் சாயம் விட்டேன். காற்று புகாமல் மேல்கண்ணாடியைச் சாய்த்து இறக்கினேன். மறுபடியும் குமிழிதான். கழுவிவிட்டு இன்னும் மெதுவாக இறக்கினேன். தட்டையான செல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் நீல உட்கரு. ஒரு செல்லின் ஓரம் மடிந்திருந்தது. அதையும் அப்படியே வரைந்தேன்.

"புத்தகத்துல இந்த மடிப்பு இல்லையே?" என்றார் மேடம்.

"இதுல இருக்கு மேடம், நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாளை தசைத் திசு. இதயத் தசை இழைகள் கிளை பிரியும் இடத்தைத் தேடிப் பார்த்து வரைய வேண்டும்.