மூடி கழற்றிய ரம்பம்

கூட்டத்துக்குப் புறப்படும்போது அண்ணனே சின்னவனின் சட்டைப் பித்தான்களைப் போட்டுவிட்டார். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போனதிலிருந்து சின்னவனுக்குப் பித்தான் போடுவது பெரும்பாடு. ஆனாலும் அண்ணனின் கை கழுத்தருகே வந்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீ பெருசா ஒண்ணும் பேச வேணாம். என் கவனக்குறைவுதான், மெஷின் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டு உக்காந்துடு," என்றார் அண்ணன்.

தோல் பட்ட மாத்திரத்தில் பிளேடு நின்றுவிடும் ரம்ப மெஷின் ஒன்று வந்திருந்தது. எல்லாத் தச்சுப் பட்டறையிலும் இனி அதுதான் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போடப் பார்த்தது. இரு தரப்பையும் கேட்க ஒரு குழு வந்திருந்தது. அண்ணன் பட்டறைக்காரர் சங்கத் தலைவர். விரல் போனவனே சட்டம் வேண்டாம் என்றால் அதற்குமேல் யார் வாயைத் திறப்பார்கள் என்பது அவர் கணக்கு. பட்டறை என்னவோ அப்பா இருவருக்கும் சரிபாதியாக விட்டுப்போனதுதான். சாவி மட்டும் அண்ணன் இடுப்பில்.

சின்னவனின் மனைவி வாசல்வரை வந்தாள். வெட்டுப்பட்ட ஆடு கசாப்புக்காரனுக்குச் சாட்சி சொல்லக் கிளம்பிவிட்டது என்று மூத்தார் காதில் விழும்படியே சொன்னாள்.

மண்டபத்தில் அண்ணன் நன்றாகவே பேசினார். மரம் ஈரமாக இருந்தாலே அந்த மெஷின் விரலென்று நினைத்து நின்றுவிடும், நிற்கும்போதெல்லாம் பிளேடு பாழ், சின்னப் பட்டறைகள் இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். அதில் பொய்யில்லை என்று சின்னவனுக்கும் தெரியும். கடைசியில், வேலை தெரிந்தவனுக்கு விரல் போகாது, அலட்சியக்காரனுக்காக ஊரையே தண்டிக்கக் கூடாது என்று சொல்லித் தம்பியைக் கைகாட்டினார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சின்னவன் எழுந்தான்.

"கவனக்குறைவுதாங்க. இத்தனை வருஷமா கவனமாத்தான் இருந்தேன். அன்னைக்கு ஒரு தும்மல் வந்துச்சு. பிளேடுக்கு மேல ஒரு மூடி இருக்கும். வேலை மெதுவாகுதுன்னு அதைக் கழட்டிப் பரண்ல போட்டது எங்கண்ணன். நான் திரும்ப மாட்டினேன். மறுபடியும் கழட்டுனாரு. இருக்குற மூடியையே வைக்காதவங்ககிட்ட, நீங்களா பாத்து நல்ல மெஷின் வாங்கிக்கங்கன்னு சொன்னா வாங்கிடுவாங்களா?"

அண்ணன் முகம் செத்துப்போனது. வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது, "கூடப் பொறந்தவனாடா நீ? இனி பட்டறைப் பக்கம் தலைவச்சுப் படுத்துடாதே," என்றார்.

சட்டம் வந்தது, ஆனால் அரைகுறையாக. இனி விற்கும் மெஷின்களுக்குத்தான் கட்டாயம். ஓடுகிற பழசு ஓடலாம். சங்கத்தில் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை சின்னவன் பட்டறைக்குப் போனான். அண்ணன் மூடியில்லாத ரம்பத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்தும் நிறுத்தவில்லை. சின்னவன் நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினான். பிளேடு முனகி நின்றதும் ஸ்பேனரை எடுத்து, அது சுழலும் அச்சை இடது கையால் கழற்றத் தொடங்கினான். பழகாத கை. நழுவி நழுவி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. அந்தப் பழைய மெஷினுக்கு வேறு அச்சு எங்கும் கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும்.

"கையை எடுடா," என்று அண்ணன் சுத்தியலோடு நெருங்கினார்.

"பாதி என்னுது. மேசை உங்களுக்கு, அச்சு எனக்கு. வேணும்னா கேஸ் போட்டுக்கங்க."

ஓங்கிய கையை வேலையாட்கள் பிடித்துக்கொண்டார்கள். சின்னவன் அச்சைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

அண்ணன் வேறொரு பழைய மெஷின் தேடி அலைந்தார்; வைத்திருந்தவர்கள் எவரும் விற்கவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு தோல் பட்டால் நிற்கிற மெஷினையே வாங்கி மாட்டினார். வயிற்றெரிச்சலில் தம்பி குடியைக் கெடுத்தான் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். பட்டறைக்காரர்கள் சின்னவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள்.

வேலையாட்களின் விரலை நினைத்துத்தானே அப்படிச் செய்தீர்கள் என்று ஒருநாள் மனைவி கேட்டாள்.

"இல்ல. அவரு எரியணும்னுதான் செஞ்சேன்," என்றான் சின்னவன்.