கரும்புக் கொல்லையின் நான்கெல்லை

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பத்து மணிக்கு, வில்லியனூரில் சபுராவின் துணிக்கடை மாடியில் எங்கள் எழுத்தாளர் வட்டத்தின் நாற்பத்தொன்றாம் கூட்டம் தொடங்கியது. வந்திருந்தவர்கள் மூவர்: சபுரா, அரிசி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற மணவாளன், செயலாளராகிய நான். நான்காமவரான புவனேஸ்வரி குருவிநத்தத்திலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தார். பத்து மணி இருபது நிமிடத்துக்கு, நாங்கள் அழைக்காத ஒரு பெண் எங்கள் தொகுப்பு நூலைக் கையில் பிடித்தபடி மாடியேறி வந்தார்.

அவர் எதற்கு வந்தார் என்பது விளங்க, எங்கள் முறையை முதலில் சொல்ல வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் உரக்கப் படிப்பார். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் தம் கருத்தைத் தாளில் எழுதிக் கொடுப்போம். குறை தீர்ந்த பிறகே கதை அச்சுக்குப் போகும். முப்பத்தோராண்டுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களைச் சரிபார்த்தவள் நான். எல்லை எழுதாத பத்திரத்தை ஒருநாளும் ஏற்றதில்லை. கதைகளையும் அவ்வாறே திருப்பினேன்.

புவனேஸ்வரியின் கதை இது: பன்றிகளுக்காகக் கரும்புக் கொல்லையைச் சுற்றி இழுத்த மின்கம்பியில் சிக்கி ஒரு கூலியாள் இறக்கிறான். நிலக்காரர் வீட்டார் உடலை வாய்க்கால் ஓரம் கிடத்திச் சட்டையில் பிராந்தியை ஊற்றுகிறார்கள். குடித்து விழுந்து செத்தான் என்று ஊர் நம்புகிறது. பாட்டிலை எடுத்து வந்து கொடுப்பவன் ஒரு பண்ணையாள். அந்த இடம் மிக நன்றாக அமைந்திருப்பதாக மணவாளன் தாளில் பாராட்டினார். நான் எழுதியது வேறு: “எந்தக் கொல்லை? நான்கு பக்கமும் என்னென்ன இருக்கின்றன? இடமில்லாத கதையை நம்ப இயலாது.” மூன்று முறை திருப்பினேன். நான்காம் படியில் எல்லாம் இருந்தன. வடக்கே ஆற்றங்கரை, கிழக்கே இரட்டைப் பனை, தெற்கே நீலக் கதவு போட்ட மோட்டார் கொட்டகை, மேற்கே வாய்க்கால். நிறைவோடு கையெழுத்திட்டேன். ஆகஸ்டில், ‘ஆற்றங்கரையான்’ என்ற புனைபெயரில் கதை வெளிவந்தது. அப்பெயருக்கு உரியவர் யார் என்பது எங்கள் நால்வருக்கு மட்டுமே தெரியும்.

வந்த பெண் உட்கார மறுத்தார். “என் பேரு செல்வகுமாரி. குருவிநத்தம். பொஸ்தகத்துக்குப் பின்னாடி இந்த விலாசம் இருந்துது. ஆத்தங்கரையான்றது யாருங்க?”

“புனைபெயரை வெளியில் சொல்வதில்லை” என்றேன். “அது எங்கள் விதி.”

“இது என் வூட்டுக்காரர் கதைம்மா. மாரிமுத்து. செத்து ரெண்டு வருசம் ஆவுது. அந்தப் பனை, அந்த நீலக் கதவு, எல்லாம் உலகநாதன் கொல்லை. அவரு குடிக்கவே மாட்டாரு. கையில கருப்பா இருந்துது, இன்னான்னு கேட்டேன். சேத்துல கெடந்ததுன்னாங்க. சட்டையில அந்த நாத்தம் வந்துதா, நானும் நம்பிட்டேன். பொணத்தத் தூக்கறப்பகூட குடிகாரப் பாவின்னு திட்டினேன்.”

சபுரா தண்ணீர் கொடுத்தார். அவர் வாங்கினார்; குடிக்கவில்லை.

“ஊர்ல கேட்டா கதைன்னு சிரிக்கறாங்க. பாத்தவரு யாரோ எழுதிகீறாரு. அவரு வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். எம் பசங்கள ஸ்கூல்ல குவார்ட்டருன்னு கூப்புடறானுங்கம்மா.”

புவனேஸ்வரி வரும் நேரமாகியிருந்தது. அவர் உலகநாதனின் மருமகள். செல்வகுமாரி அவரைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. சபுரா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். வாசலில் வந்து நின்ற புவனேஸ்வரியைத் துணி மாற்றிப் பார்க்கும் அறைக்குள் விட்டுத் திரையை இழுத்தார். பதிலுக்காகக் கால் மணி நேரம் காத்திருந்த செல்வகுமாரி அந்தத் திரையைக் கடந்துதான் வெளியே போனார். படியிறங்கும்போது அழவில்லை. “அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்” என்று மட்டும் சொன்னார்.

புவனேஸ்வரி மேலே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“சபுரா அக்கா எல்லாத்தயும் சொன்னாங்க” என்றார். “நாலு எல்லையும் கேட்டீங்களேம்மா. எனக்கு வேற நெலம் தெரியாது.”



“அப்ப உண்மையா நடந்ததா இது? கற்பனைன்னு நெனச்சி இல்ல பாராட்டுனேன்!” என்றார் மணவாளன். “அந்தப் பாட்டில் எடுத்தாந்த பண்ணையாளு யாரும்மா?”

“பண்ணையாளு யாரும் இல்லீங்க. மாமனார் கேட்டாரு, நான்தான் பீரோலேர்ந்து எடுத்தாந்து குடுத்தேன். கம்பி இழுத்தது எங்க வூட்டுக்காரரு.”

கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் ஓசை கேட்டது.

“நீ போய்ச் சொல்லுடி” என்றார் சபுரா. “நான் கூட வரேன்.”

“சொல்லிட்டு எங்க போவேன்க்கா? ரெண்டு புள்ளைங்களையும் பறிச்சிக்கினு என்னைத் தொரத்திடுவாங்க. கதைன்னாலாவது வெளியில வரட்டும்னுதான் எழுதுனேன்.”

“முழுக்கக் கற்பனைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது” என்றார் மணவாளன்.

“யோவ், அந்தம்மா மூஞ்சப் பாத்தியா நீ? அதுக்கப்புறமும் உன் வாயில இந்தப் பேச்சு வருதா?” என்றார் சபுரா.

மணவாளன் தலைகுனிந்தார். பொய்யை எழுதிக் கொடுக்க நானும் உடன்படவில்லை. புவனேஸ்வரியின் பெயரைச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. கதையில் இடமே இல்லாதபோது அவருக்கு ஆபத்து இருந்ததில்லை. ஆபத்தை உண்டாக்கியவை என் தாள்கள். அவர் பிள்ளைகளை இழந்தால் அதற்கும் நானே காரணமாவேன். அதே தாள்களால்தான் செல்வகுமாரி தம் கணவரை அடையாளம் கண்டார் என்பதையும் நான் அறிவேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை.

செல்வகுமாரிக்குக் கொடுக்க நான் ஒரு கடிதம் வரைந்து படித்தேன். கேட்டு முடித்ததும் சபுரா எழுந்துவிட்டார்.

“இத வெச்சிக்கினு அந்தம்மா இன்னா பண்ணும்? சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டுமா?”

நான் கடிதத்தின் கீழே தேதியை எழுதினேன்.

பகல் ஒரு மணிக்கு முடிவானது பின்வருமாறு. ஆற்றங்கரையானின் பெயர் எவரிடமும் சொல்லப்படாது. மாரிமுத்து குடித்திருக்கவில்லை என்றும், மின்சாரம் தாக்கியே இறந்தார் என்றும், கதையை எழுதியவர் எங்களிடம் கூறியதாகச் செல்வகுமாரிக்குச் செயலாளர் கடிதம் கொடுப்பார். சாட்சி சொல்ல எவரும் வரமாட்டார்கள் என்பதும் அதிலேயே எழுதப்படும். விற்காத படிகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்படும். வட்டம் இனிமேல் கூட்டம் நடத்தாது. சபுரா இம்முடிவில் கையெழுத்திட மறுத்தார். புவனேஸ்வரியும் மணவாளனும் நானும் கையெழுத்திட்டோம்.