அன்னக்கொடி நினைவாக

கரும்பலகையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் அன்னக்கொடிக்குக் கையிலிருந்த அரிசிச் சுளகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ‘இன்றைய மதிய உணவு: சிலமலை மொ. அன்னக்கொடி அவர்களின் நினைவாக’ என்று சிவரஞ்சனி சாக்பீஸால் குண்டு குண்டாக எழுதி, ஓரத்தில் ஒரு குத்துவிளக்கும் வரைந்து வைத்திருந்தாள்.

“ஒங்க ஊருதான் போலக்கா. பேரும் ஒங்க பேரு. தெரிஞ்சவுகளா?” என்றாள் சிவரஞ்சனி, போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

சிலமலையில் தெருவுக்கு இரண்டு அன்னக்கொடி உண்டுதான். ஆனால் மொக்கச்சாமிக்கு வாக்கப்பட்டு முன்னால் ‘மொ.’ போட்டுக்கொண்டவள் ஒருத்திதான். அவள் குத்துக்கல்லாட்டம் இங்கே நிற்கிறாள். இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

விடிவதற்குள் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பேறுகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. வாடகைக் கட்டடம், ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. முன்பெல்லாம் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைவார்கள். கணக்கு வழக்குப் பார்க்கச் சிவரஞ்சனி வந்த பிறகு எல்லாம் போனுக்குள் போய்விட்டது. எந்த ஊரில் இருப்பவரும் தேதியைக் குறித்து, காரணத்தைத் தொட்டு, பணம் கட்டிவிட்டால் போதும். அன்றைய சோறு அவர்களுடையது. பிள்ளைகள் சாப்பிடுகிற படம் அவர்களுக்குப் போய்விடும். காரணம் என்று அதில் மூன்றே மூன்றுதான்: பிறந்தநாள், கல்யாண நாள், நினைவாக. இங்கிலீஷில் இருந்ததை உட்கார்ந்து தமிழாக்கியதும் சிவரஞ்சனியேதான்.

“இன்னைக்கு என்ன தேதி தாயி?”

“செப்டம்பர் ஒம்பது.”

அன்னக்கொடி சுளகைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் வித்யா பிறந்த நாள். சர்டிபிகேட்டில் மே இருபது என்றுதான் இருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தாமல் ஹெட்மாஸ்டராகப் பார்த்துப் போட்டுக் கொடுத்த தேதி அது. நிஜத் தேதி வீட்டுக்குள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் மொக்கச்சாமி போய் இரண்டு வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது பெற்றவளும் பிறந்தவளும்.

ஏழு வருஷம். காலேஜுக்குப் போகிறேன் என்று பஸ்சேறினவள், மறுநாள் ஒரு பையனோடு மாலையும் கழுத்துமாகப் போனில் வந்தாள். பையன் வேறு சாதி. மொக்கச்சாமி கத்தவில்லை, அழவில்லை. நேராகப் போடிக்குப் போய், மகளுடைய பன்னிரண்டாம் வகுப்புப் படத்தைக் கொடுத்து, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போஸ்டர் அடித்துக்கொண்டு வந்தார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. ஒட்டுவதற்கு மைதாப்பசை காய்ச்சிக்கொடு என்றார். அன்னக்கொடி காய்ச்சிக் கொடுத்தாள். அதுதான் இன்றுவரை அவளை அறுக்கிறது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அடுப்பையாவது அணைத்திருக்கலாம். கட்டி தட்டிவிடக் கூடாதே என்று பக்குவமாகக் கிண்டிக் கொடுத்தாளே, பாவி. அந்தப் போஸ்டரை வித்யா பார்த்துவிட்டாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அதிலிருந்து ஒரு பேச்சுமூச்சு இல்லை. அப்பன் செத்ததைச் சொல்லக்கூட நம்பர் இல்லை. அதுவரை ஊரில் ‘வித்யா அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பெயரை எடுக்க எல்லாரும் கூசினார்கள். இங்கே வேலைக்கு வந்ததும் ‘சமையக்கா’ ஆனாள்.

“எம் மக குடுத்திருக்கா தாயி,” என்றாள் அன்னக்கொடி. “நான் செத்துப்போனேன்னு.”

சிவரஞ்சனிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் துணியை எடுத்துக்கொண்டு பலகையை அழிக்க ஓடினாள். அன்னக்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும். நாங்க செஞ்சதுக்குத் திருப்பிச் செய்யுறா. செய்யட்டும்.”

“இல்லக்கா, தப்பு எம்மேல. உசுரோட இருக்கவுகளை நெனச்சுக் குடுக்கணும்னா அதுல வேற என்ன இருக்கு? பொறந்தநாளா, கல்யாணமா? ‘நினைவாக’ன்னு பாத்ததும், அம்மா நெனப்பா இருக்குன்னு அதைத் தொட்டிருக்கும் அந்தப் புள்ள.”

“நம்பர் இருக்கா?”

“பேரு வெளிய தெரிய வேணாம்னு போட்டிருக்கு. அப்படிப் போட்டா நம்பரையும் மறைச்சிடும். படம் மட்டும் அதுவாப் போகும்.”

திருப்பிச் செய்கிறாளா, நினைத்துக்கொண்டு இருக்கிறாளா, இல்லை, அப்பன் சாவுச் செய்தி ஆள் மாறிப்போய் நிஜமாகவே தாய் செத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாளா? ஐயோ, அப்படி நம்பி எங்கேயோ ஒரு ஊரில் தனியாக உட்கார்ந்து அழுதிருந்தால்? அன்னக்கொடிக்கு மூன்றில் எது என்றாலும் சரி, அந்தப் பிள்ளையை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. ஆனாலும் உலை கொதித்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பசிக்கும். எழுந்து போய் அரிசியைக் களைந்து போட்டாள்.

பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாப்பிடுவதற்கு முன்னால் பலகையில் உள்ள பெயரைச் சொல்லி நன்றி சொல்வது அங்கே வழக்கம். “அன்னக்கொடி அவர்களின் நினைவாக உணவு தந்தவருக்கு நன்றி” என்று இருபத்தெட்டுக் குரலும் ராகம் போட்டு இழுத்தன. அவள் பெயரைப் பிறர் வாயால் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. சாம்பார் வாளியோடு நின்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு அப்பளம் வரவேண்டும்.

சிவரஞ்சனி போனைத் தூக்கினாள். படம் எடுக்கிறபோதெல்லாம் அடுப்படிக்குள் ஒதுங்கிவிடுகிற அன்னக்கொடி அன்று ஒதுங்கவில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால், தன் பெயர் எழுதிய பலகையை ஒட்டிப் போய் நின்றாள். சிரிக்க வரவில்லை. கரண்டியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“கூட ரெண்டு வரி போகும்க்கா. ‘அன்னாரது ஆன்மா சாந்தியடையட்டும்’னு அதுவே போட்டு வச்சிருக்கு. எடுத்துட்றேன். என்ன எழுத?”

என்ன எழுதுவது? ஏழு வருஷத்துப் பேச்சு சேர்ந்து கிடக்கிறது. மன்னிச்சுக்கோ என்பதா? வா என்பதா? அப்பா இல்லை என்பதா? வாளியைப் பார்த்தாள்.

“சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு, கைப்பதட்டம்னு போடு.”

 சிவரஞ்சனி அப்படியே எழுதி அனுப்பினாள்.

படத்துக்கடியில் ஒரு சின்னக் கண் போலக் குறி. எத்தனை தரம் திறந்து பார்த்தார்கள் என்று அதில் தெரியுமாம். ஒரு மணிக்கு ஒன்றுமில்லை. இரண்டுக்கும் இல்லை. அன்னக்கொடி பாத்திரம் தேய்த்தாள், அடுப்படி கழுவிவிட்டாள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். மூன்றரைக்குச் சிவரஞ்சனி கூடத்திலிருந்து, “ஒண்ணு,” என்றாள்.

 பதில் எழுத அதில் இடம் இல்லையாம். கொஞ்ச நேரம் கழித்து மூன்று. அப்புறம் ஏழு. மலையிலிருந்து ஜீப்புகள் இறங்க ஆரம்பித்தன. ஏலக்காய் வாசத்தோடு பெண்கள் வந்து அவரவர் பிள்ளையை வாரிக்கொண்டு போனார்கள். அன்னக்கொடி வாசல்படியை விட்டு நகரவில்லை.

“இப்ப எத்தனை தாயி?”

“பதினொண்ணுக்கா.”

அவள் கலைந்திருந்த முன்மயிரை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டு, சாம்பார் கறை பட்ட முந்தானையை மறைத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பன்னெண்டு,” என்றாள் சிவரஞ்சனி.