கொடிக்கயிற்றுக்குக் கீழே குனிந்து செல்லவும்

1.

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஒரு துண்டுப்பிரசுரத்தில் கண்டெடுத்தேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கடலோர நடைபாதை, பதினோரு கிலோமீட்டர், ஏழு பார்வையிடங்கள் என்று அட்டையில் போட்டிருந்தது. சுற்றுலா அலுவலகத்து மேசையில் இலவசமாக அடுக்கி வைத்திருந்தார்கள். இலவசம் என்றால் நான் இரண்டு எடுப்பேன்.

உள்ளே வழக்கமான சமாச்சாரம்தான். மூன்றாவது இடம் சிப்பி அருங்காட்சியகம் (பூட்டியிருந்தால் பக்கத்து முடிதிருத்தகத்தில் கேட்கவேண்டுமாம்). நான்காவது, பறவை பார்க்கும் மரக்குடில். ஐந்தாவது, இரண்டு வாய் கொண்ட குகை. ஆனால் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே இப்படி நாலு வரி:

"இங்கே பாதை ஒரு வீட்டின் கொல்லை வழியாகப் போகிறது. துணி காய்ந்துகொண்டிருக்கும். கொடிக்கயிற்றுக்குக் கீழே குனிந்து செல்லவும். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லவும்."

அலுவலகம் எழுதுகிற வரியா இது? எனக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது.

2.

தொடக்கங்கள்:

கடல் எதையும் மறப்பதில்லை

(அடித்துவிட்டேன். கடலின் ஞாபகசக்தி பற்றி எனக்கு என்ன தெரியும்?)

அந்த நாலு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய சோகம்

(இதையும். சோகம் பெரிதா சிறிதா என்று அளக்க நான் யார்? அளப்பதற்கென்றே கதையில் ஒருத்தி இருக்கிறாள்.)

அவளை அலுவலகத்தில் அளவுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தாறு. நீளக் கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அந்தப் பாதை முழுக்க நடப்பாள். மீட்டருக்கு ஒரு 'டக்'. வருடம் ஒருமுறை பாதையை அளந்து, கரை எங்கே அரித்திருக்கிறது என்று பார்த்து, பாறைகளில் மஞ்சள் அம்புக்குறிகளைத் திருத்தி வரைவது அவள் வேலை. தொடக்கத்தில் உள்ள பலகையில் 'கடைசியாக ஆய்வு செய்த நாள்' என்று தேதி போடுவதும் அவள்தான்.

"அந்த நாலு வரியை யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"எங்கக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்" என்றாள். பிறகு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

3.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவளுடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஒரு காலை அந்தப் பாதையில் நடக்கப் போனார். பேருந்து ஓட்டுநர். விடுமுறை நாளிலும் காலைச் சும்மா வைத்திருக்கமாட்டார். குடிலைத் தாண்டி, பாறையில் இருந்த அம்புக்குறி காட்டிய பக்கம் திரும்பினார். நான்காவது அடியில் காலடி மண் அப்படியே இறங்கியது.

இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று மாதம் மருத்துவமனை. அதற்குப் பிறகு கிளட்ச்சை மிதிக்க அந்தக் கால் வரவில்லை; வேலை போயிற்று.

மருத்துவமனை வராந்தாவில் அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "உன் அம்ப நம்பித்தானேடி போனாரு."

அதோடு பேச்சு நின்றது.

அம்பை வரைந்தபோது விளிம்புக்கும் அதற்கும் மூன்று மீட்டர் இடைவெளி. அவர் விழுந்த அன்று அளந்தால் நாற்பது சென்டிமீட்டர். மிச்சத்தைக் கடல் தின்றிருந்தது. அந்த வருடம் அவள் அளக்கப் போகவேண்டிய நாள் தாண்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் போவதற்குள் அவர் அந்த வழியாக நடந்துவிட்டார்.

ஏன் தாமதம்? இங்கேதான் எனக்குக் கை அரித்தது. முதல் வரைவில் அவளுக்குக் காய்ச்சல் கொடுத்துப் பார்த்தேன். இரண்டாவதில் மகளுக்கு அம்மை. வாசகர்களாகிய நீங்கள் அவள்மேல் கோபப்பட்டுவிடக்கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். அவளிடமே படித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள். "சோம்பேறித்தனம். நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு தள்ளிப்போட்டேன். அப்படியே எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

4.

போன வருடம் குடிலுக்கும் குகைக்கும் நடுவே நாற்பது மீட்டர் கரை ஒரே நாளில் கடலுக்குள் போனது. பாதையை மாற்ற இரண்டே வழி. ஒன்று லாரிகள் பறக்கும் சாலை. ஒதுங்கி நடக்க ஒரு முழம் இடம் கிடையாது. இன்னொன்று அக்கா வீட்டுக் கொல்லை.

"உங்கக்கா வீடுதானே? ஒரு வார்த்தை கேட்டா ஆச்சு" என்றார் மேலதிகாரி. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பதினோரு நாள் எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை சக்கரத்தோடு போய்க் கொல்லைக் கதவருகே நின்றாள். அக்கா போர்வையை உலர்த்திக்கொண்டிருந்தாள், வாயில் ஒரு கிளிப்.

(முதலில் பேசியது யார்? அக்காதான் என்கிறாள் தங்கை. "அவதான் 'அக்கா'ன்னா" என்கிறாள் அக்கா. அத்தானைக் கேட்டால் சிரிக்கிறார். நான் தங்கையின் பக்கம் சாய்ந்திருக்கிறேன், அவளை முதலில் சந்தித்தேன் என்ற ஒரே காரணத்தால்.)

"என்ன, என் வீட்டையும் அளக்க வந்துட்டியா?"

"கரை விழுந்துடுச்சுக்கா. ரோட்டுப் பக்கம் விட்டா லாரி. இந்தக் கொல்லை வழியா விட்டாத்தான்..."

அக்கா வீட்டுப் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? விழறதுக்கு ஊர்ல ஆள் பத்தலையாம்."

சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தான் தலையைத் தூக்கினார். "ஒரு நாளைக்கு எத்தன பேர் வருவாங்க?"

"மழை இல்லன்னா முப்பது நாப்பது பேர், அத்தான்."

"பேசுவாங்களா?"

"சில பேர் பேசுவாங்க."

இருபது வருடம் பேருந்து நிறைய ஆட்களோடு வாழ்ந்த மனிதர் அவர். "அப்ப வரட்டுமே" என்றார்.

அக்கா கிளிப்பைப் போர்வையில் மாட்டினாள். "வரட்டும். ஆனா என் சுவத்துல அம்பு கிம்பு எதுவும் இருக்கக்கூடாது."

வந்த வேலை முடிந்தது. அவள் அப்போதே கிளம்பியிருக்கலாம். சக்கரத்தைத் திருப்பியும் விட்டாள். ஒரு 'டக்' கேட்டது. அங்கேயே நின்றாள்.

"அந்த வருஷம் நாலு மாசம் போகாம இருந்துட்டேன்க்கா. போயிருந்தா அந்த அம்ப அழிச்சிருப்பேன்."

"தெரியும்."

"எப்படி?"

"உங்க பலகையிலதான் தேதி போட்டிருந்துச்சே. அவர ஆஸ்பத்திரியில சேத்த மறுநாளே போய்ப் பாத்தேன்." அக்கா அடுத்த துணியைப் பிழிந்தாள். "நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்."

"ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமா."

5.

முடிவுக்காக நான் எழுதிக் கிழித்தவை:

அ) இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். (இல்லை. அக்காவின் கை ஈரம். தங்கையின் கையில் சக்கரம்.)

ஆ) அக்கா அதற்குப் பிறகும் அவளை மன்னிக்க (இந்த வினைச்சொல்லை எழுதும்போதே பேனா தயங்கியது. அந்த வீட்டில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.)

சரி, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று நடந்தேன். அருங்காட்சியகம் பூட்டியிருந்தது, முடிதிருத்துபவர் பாதி மழித்த வாடிக்கையாளரை விட்டுவிட்டு வந்து திறந்தார். குடிலில் பறவையே இல்லை, பறவை பார்க்க வந்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள்.

கொல்லையில் அம்பு இல்லாததால் எல்லோரும் திகைத்து நிற்கிறார்கள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைத்தடியை நீட்டுகிறார். "குகைக்கா? நேராப் போய் இடது பக்கம். எங்கேருந்து வர்றீங்க? அவசரமில்லைன்னா உக்காருங்க." உட்கார்ந்தேன். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கதை எழுதுகிறேன் என்றேன்.

"தங்கச்சி இங்க வருவாங்களா?"

"வருஷத்துக்கு ஒருதடவ. சக்கரத்தோட."

"சக்கரம் இல்லாம?"

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து, குனிந்து, நடந்தேன். கதவைத் தாண்டியிருப்பேன்.

"இந்தாங்க!" என்று பின்னால் குரல். அக்காதான். "அவளப் பாத்தா சொல்லுங்க—"

காத்திருந்தேன். சட்டைப்பையில் குறிப்பேடு இருந்தது. அதை எடுக்கக் கை போனதையும் சொல்லிவிடுகிறேன்.

"என்ன சொல்லணும்?"

அவள் கொடியில் கோணியிருந்த ஒரு துணியை இழுத்துவிட்டாள்.

"வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்."

அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியும். நான்கு விதமாக முடித்தும் பார்த்தேன். நான்கும் நன்றாகவே வந்திருந்தன, ஆனால் எல்லாம் என் குரலில் இருந்தன. ஆகவே அவள் விட்ட இடத்திலேயே விட்டுவிடுகிறேன். உங்களுக்கும் மண்டை குடைந்தால் துண்டுப்பிரசுரம் அந்த மேசையில்தான் இருக்கிறது, நடந்துபோய்ப் பாருங்கள். அக்காவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.